எது உழைக்கிறதோ அது ஜப்பான்

கூத்தாநல்லூரிலிருந்து ரிப்பேருக்கு வரும் ரேடியோவை வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பின்மூடியைக் கழற்றியதும் கோடாலித் தைலமும் அந்துருண்டையும் கலந்த ஒரு வாடை குப்பென்று அடிக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டிக்குள் துணிமணியோடு நாள்கணக்கில் கிடந்த வாடை அது. 1981ல், பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, மன்னார்குடியில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அப்போது எனக்குத் தெரிந்த வெளிநாடு என்பது அந்த வாடைதான்.

கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்றே பேர். வீட்டுக்கு ஒருவராவது அக்கரையில் இருப்பார். "சிங்கப்பூர் செட்டு தம்பி, ஸ்க்ரூவப் பாத்துத் திருகு" என்று சொல்லித்தான் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்னை மேசைமேல் வைப்பார்கள். திருப்பிப் பார்த்தால் 'மேட் இன் ஜப்பான்' என்றிருக்கும். சில வருஷம் கழித்து வந்தவற்றில் மலேசியா என்று இருந்தது. பெட்டியோடு வந்த சோப்பும் பவுடரும் இங்கிலாந்துச் சரக்கு. சிங்கப்பூர்ச் சாமான் என்று ஊரே கொண்டாடிய குவியலில், உண்மையிலேயே அந்த ஊரில் பிறந்தது 1928லிருந்து அங்கே விற்கும் கோடாலித் தைலம் மட்டும்தான் என்று நினைக்கிறேன். சிங்கப்பூர் துறைமுக ஊர். எல்லா நாட்டுச் சரக்கும் வரி அதிகமில்லாமல் வந்து இறங்கும். நம் ஆட்கள் அங்கே வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். கடைத்தெருவைப் பார்த்துவிட்டு அதைத் தொழிற்சாலை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். மலாய்க்காரர்கள் இன்றும் கட்டுகிற ஒருவகைக் கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பேர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடு. எத்தனையோ தலைமுறையாக அந்த மக்களுக்கு இந்தக் கரை முழுவதும் இடுப்பில் சுற்றிய ஒரு கட்டம் போட்ட துணியாகத்தான் தெரிந்திருக்கும்.

முதலாளிக்கு அப்போதே அறுபது வயது. நான் ஜப்பான் செட்டைப் புகழ்ந்தால் சிரிப்பார். அவருடைய அப்பா மளிகையோடு கொஞ்சம் ஜவுளியும் விற்றவர். அந்தக் காலத்தில் "ஜப்பான் சரக்கு" என்றால் திட்டாம். மலிவு, சாயம் போகும், பொம்மை ரெண்டு நாளில் உடையும். அவர் சொன்னது கட்டுக்கதையில்லை. 1933ல் வெள்ளைக்கார அரசு, பிரிட்டன் அல்லாத நாடுகளின் பருத்தித் துணிமேல் 75 விழுக்காடு வரி போட்டது, குறி ஜப்பான்மேல்தான். அவ்வளவு மலிவாக வந்து குவிந்திருக்கிறது. ஆக, அப்பா கண்ணில் ஜப்பான் மட்டம், மகன் கடையில் அதே ஜப்பான் தெய்வம். நடுவே ஐம்பது வருஷம்கூட இல்லை.

இடையில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி எங்கள் கடைக்குப் பக்கத்து ஸ்டுடியோவில் இருந்தது. அந்த அண்ணன் வைத்திருந்த யாஷிகா கேமராவில் நகக்கண் அளவுக்கு நீள்வட்டமாக ஒரு தங்கநிற ஸ்டிக்கர். 'பாஸ்டு' என்று அச்சடித்திருக்கும். அதைக் கழற்றினால் கேமராவுக்கு மதிப்புப் போய்விடும் என்று துடைக்கும்போதுகூட அந்த இடத்தைத் தொடமாட்டார். பல வருஷம் கழித்துத்தான் அதன் பொருள் எனக்குத் தெரிந்தது. 1954ல் ஜப்பானில் கேமராக்களுக்கென்றே ஒரு சோதனை நிலையம் தொடங்கினார்கள். அங்கே தேறாத கேமராவைக் கப்பலில் ஏற்ற விடவில்லை. வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு டப்பாவும் நாட்டின் பேரைச் சுமந்துகொண்டு போகிறது என்று ஒரு அரசாங்கமே உட்கார்ந்து கவலைப்பட்டிருக்கிறது. 1950ல் டெமிங் என்ற அமெரிக்கர் போய்த் தரக் கட்டுப்பாடு பற்றி வகுப்பெடுத்தார். அடுத்த வருஷமே அவர் பேரில் பரிசு ஏற்படுத்திவிட்டார்கள். சும்மா வந்த பேர் இல்லை அது.

ஜெர்மனிக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. 1876ல் பிலடெல்பியா கண்காட்சிக்குப் போன ரூலோ என்ற ஜெர்மானியப் பொறியாளரே தன் நாட்டுச் சரக்கை 'மலிவு, மட்டம்' என்று எழுதினார். பிரிட்டன் 1887ல் சட்டம் போட்டு, அந்நியச் சரக்கு உள்ளூர்ச் சரக்குபோல வேஷம் கட்ட முடியாதபடி செய்தது. 'மேட் இன் ஜெர்மனி' என்பது எச்சரிக்கையாகத்தான் ஒட்டப்பட்டது. பிறகு அதைத் தேடி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சீனாவுக்கு வருவோம். என் கதையில் பெரிய பகுதி அதுதான். அதில் நான் குற்றவாளியும்கூட.

சின்ன வயதில் எங்களுக்குச் சீனா என்றால் ஹீரோ பேனா. கூம்பு போன்ற தங்கநிற மூடி, உள்ளே மறைந்திருக்கும் நிப்பு. அதில் 'மேட் இன் சைனா' என்று பொறித்திருப்பதைக் காட்டிக் காட்டிப் பெருமையடிப்போம். நல்ல மதிப்பெண் வாங்கினால் மாமா வாங்கித் தரும் பொருள். பழைய தமிழைப் பார்த்தால் சீனாவுக்கு இன்னும் நல்ல பேர். வீட்டில் சீனச்சட்டி, பீங்கான், சீனாக்காரம், பெட்டிக்குள் பட்டு, தீபாவளிக்குச் சீனவெடி, காப்பிக்குச் சீனி. இவை எல்லாம் அங்கிருந்துதான் வந்ததா என்று சண்டை போடலாம். அதைவிட, நல்ல பொருளுக்கு அந்த நாட்டுப் பேரை வைக்க நம் முன்னோர்கள் கூசவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியம். (சீமெண்ணெயும் அப்படித்தான். சீமை என்றால் இங்கிலாந்து. மண்ணெண்ணெய் வந்ததோ அமெரிக்காவிலிருந்தும் பர்மாவிலிருந்தும். யார் விற்றானோ அவன் ஊர்ப் பேர் ஒட்டிக்கொண்டது.)

அதே சீனா எப்படி "சைனா மாடல்", "சைனா பீஸ்" என்று வசவாக மாறியது? மற்றவர்கள் எப்படியோ, என் பங்கை நான் சொல்கிறேன்.

1990ல் சென்னைக்கு வந்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் நாலடிக் கடை போட்டேன். 2006ல், நான் சரக்கெடுக்கும் ஒரு மொத்த வியாபாரி சீனாவில் இருக்கும் ஷென்சென் நகரத்துக்குக் கிளம்பினார். "பொருளைத் திறந்து பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும், வர்றியா?" என்றார். டிக்கெட் அவர் செலவு. போனேன். ஹுவாசியாங்பெய் என்று ஒரு மார்க்கெட். மாடி மாடியாகக் கட்டடங்கள். ஒவ்வொரு மாடியிலும் மேசை அளவுக் கடைகள். ரிச்சி தெருவைப் பத்து மாடிக்கு நிமிர்த்தி வைத்து, அதுபோல் இருபது கட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

போன் சார்ஜர் விற்கும் ஒரு கடையில் நின்றோம். விற்றது ஒரு சின்னப் பெண். பேச்சுக்கு மொழி கிடையாது; கால்குலேட்டரில் எண் தட்டிக் காட்டுவது, தலையசைப்பது, அவ்வளவுதான். முதலில் ஒரு தட்டை எடுத்து வைத்தாள். அப்புறம் எங்கள் முகத்தைப் பார்த்து "இந்தியா?" என்றாள். ஆமாம் என்றதும் அந்தத் தட்டை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து வேறொரு தட்டை எடுத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. முதல் தட்டையும் எடு என்று கை காட்டினேன். நடுத்தரமாக இன்னொன்றும் இருந்தது. மூன்றுக்கும் ஒரே கூடு, ஒரே ஸ்டிக்கர். விலை 8 யுவான், 5 யுவான், 3 யுவான். மூன்றையும் பிரித்துப் பார்த்தேன். எட்டு யுவானில் ஃபியூஸ், கரண்டை வடிகட்டும் காயில், டிரான்ஸ்பார்மருக்கு மஞ்சள் டேப் சுற்று என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஐந்தில் காயில் இல்லை. மூன்றில் ஃபியூஸே இல்லை. 230 வோல்ட் ஓடும் பக்கத்துக்கும் போனுக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவே போர்டில் ஒரு மயிரிழை இடைவெளிதான். அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. எந்தக் காசுக்கு எது என்று பிரித்தே காட்டினாள்.

வியாபாரி மூன்று யுவானில் ஐயாயிரம் எடுத்தார். நான் திறந்து பார்த்ததைச் சொன்னேன். "எட்டு யுவான் சரக்க எடுத்துட்டுப் போனா ஊர்ல எவன் வாங்குவான்?" என்றார். நியாயம்தான் என்று தோன்றியது. என் கணக்கில் நானும் அதே தட்டில் முந்நூறு எடுத்துக்கொண்டேன்.

அன்று இரவு தங்கிய இடத்தில் வெந்நீர்க் கெட்டில், டிவி, ஏசி எல்லாம் அந்த ஊர் தயாரிப்பு. எல்லாம் வேலை செய்தன. போக வர ஏறிய மெட்ரோவும் வேலை செய்தது. அவர்களுக்கென்று செய்துகொள்வது ஒன்று, நாங்கள் கேட்டு வாங்குவது ஒன்று. இது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை. தூக்கம்தான் வந்தது.

ஊரில் அந்த சார்ஜர்கள் மூன்று மாதம் தாங்கவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒருவருடையது சுவரில் கரிந்துபோய்க் கருப்புத் தடம் விட்டிருந்தது. நல்லவேளை, வீட்டில் ஆள் இருந்திருக்கிறார்கள். திட்டு வாங்கப்போகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. "சைனாதானே சார், அவ்ளோதான் உழைக்கும்" என்று அவர்களே எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு, இன்னொன்று வாங்கிக்கொண்டு போனார்கள். கடைக்காரனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு உலகத்தில் கிடையாது. மட்டமான தட்டைப் பொறுக்கி எடுத்தது நான். பழியைச் சுமந்தது நூறு கோடிக்கு மேல் மக்கள் இருக்கிற ஒரு நாடு.

அந்த முந்நூறு தீர்ந்ததும் அந்த விலைச் சரக்கை விட்டுவிட்டேன். உத்தமனாகிவிட்டேன் என்று சொல்லவில்லை. அந்தக் கரித்தடம் பயமுறுத்திவிட்டது. அதற்குப் பிறகு சார்ஜர் கேட்பவரிடம் "எந்த நாடு வேண்டும்" என்ற பேச்சை எடுப்பதில்லை. இரண்டைக் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொல்வேன். கனம் குறைவாக இருந்தால் உள்ளே ஏதோ இல்லை என்று பொருள். கனமாக இருந்தாலே நல்லது என்றும் நம்பக்கூடாது. இரும்புத்துண்டை உள்ளே ஒட்டி எடை கூட்டியதையும் பார்த்திருக்கிறேன். அதனால் அடுத்ததாக ஸ்டிக்கரைப் பார்க்கவேண்டும். ஐ.எஸ்.ஐ. போன்ற முத்திரைக்குக் கீழே 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண் இருக்கிறதா? அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் தட்டினால் எந்த நிறுவனம், எந்தத் தொழிற்சாலை என்று வரும். வரவில்லையென்றால், எந்த நாட்டுக் கொடி ஒட்டியிருந்தாலும் வேண்டாம்.

பார்கோடு பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. 690 முதல் 699 வரை தொடங்கினால் சீனா, 890 என்றால் இந்தியா என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த எண் அந்த நிறுவனம் எந்த நாட்டில் பார்கோடு பதிவு செய்தது என்பதை மட்டும் சொல்லும். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதை அது சொல்லாது. 890 போட்ட பெட்டிக்குள் சீனச் சரக்கு தாராளமாக இருக்கலாம். அதற்கென்று பெட்டியில் தனி வரி உண்டு: தயாரித்த நாடு, இறக்குமதி செய்தவர் பேர், முகவரி. பொடி எழுத்தில், பெரும்பாலும் மடிப்பில் இருக்கும். 'ஜப்பான் டெக்னாலஜி', 'ஜெர்மன் டிசைன்' என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பாமல் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

அசல் ஜப்பான் மோகம் ஒருவரைச் சுட்ட கதையும் இருக்கிறது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் யோகோஹாமாவிலேயே ஒரு செட்டு வாங்கி வந்தார். சிங்கப்பூர் வழியாக இல்லை, நேரே அந்த மண்ணில் வாங்கியது. வீட்டில் செருகியதும் புகை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரில் 230. பவர் பகுதியை மாற்றிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார், எஃப்.எம். எடுக்கவில்லை என்று. எப்படி எடுக்கும்? அந்தச் செட்டின் முள் 76லிருந்து 90 வரைதான் போகும், அப்போது அங்கே அதுதான் அலைவரிசை. சூரியன் 93.5, மிர்ச்சி 98.3. "அசல் ஜப்பானே இப்படிப் பண்ணுதே" என்று நொந்துபோனார். பொருள்மேல் ஒரு தப்பும் இல்லை. அது நமக்காகச் செய்யப்பட்டதில்லை, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து யாராவது மின்சாதனம் கொண்டுவந்தால் முதலில் பின்னால் இருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் செருகலாம். வெறும் 100 அல்லது 120 என்றால் தொடாதீர்கள்.

போர்டில் கரண்டைத் தேக்கி வைக்கும் கண்டென்சர் விஷயமும் அப்படித்தான். 2000க்குப் பிறகு சில வருஷம் உலகம் முழுக்க கம்ப்யூட்டர் போர்டுகளில் கண்டென்சர் உப்பி வெடித்தது. தைவான் சரக்கு மட்டம், ஜப்பான் கண்டென்சர் போட்டால் தீர்ந்தது என்று நாங்கள் எல்லாரும் மந்திரம்போல் சொன்னோம். பெரும்பாலும் சரிதான். ஆனால் அதே காலத்தில் பேர்பெற்ற ஜப்பான் கண்டென்சர்களிலும் சில வரிசைகள் உப்பின. நானே கழற்றியிருக்கிறேன். கழற்றிய பிறகும் வாடிக்கையாளரிடம் "தைவான் சார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்ப் பழக்கம்.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழம் என்றால், நோக்கியா பின்லாந்துக் கம்பெனி என்று சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். "இல்ல சார், ஜப்பான்" என்று என்னைத் திருத்துவார்கள். 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கொரியக் கம்பெனி ஹூண்டாயின் சான்ட்ரோ ஓட ஆரம்பித்தபோது அதையும் ஜப்பான் கார் என்றார்கள். எது உழைக்கிறதோ அது ஜப்பான். எது கெட்டுப்போகிறதோ அது சைனா. கொரியா என்று ஒரு நாடு இருப்பதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்தில் ஓட்டல் பலகைகள் வந்த பிறகுதான் எங்கள் தெருவுக்கு உறைத்தது.

"சைனா செட்டு"க்கு நான் வக்காலத்து வாங்கியே ஆகவேண்டும். 2007, 2008ல் சந்தையை நிறைத்த அந்தப் போன்களைக் கேலி பேசாதவர் இல்லை. முதுகில் நாலு ஸ்பீக்கர், இழுத்தால் நீளும் டிவி ஏரியல், பேட்டரி பெரிதாக. ஆனால் ஆட்டோ ஓட்டும் அண்ணன்களுக்கு என்ன தேவையோ அது அதில் இருந்தது: இரைச்சலில் காதில் விழும் பாட்டு, இரண்டு சிம். பெரிய கம்பெனிகள் இரண்டு சிம் போன் கொடுக்க இன்னும் சில வருஷம் ஆனது. அந்தப் போன்களின் மூளையான சில்லு பெரும்பாலும் தைவானின் மீடியாடெக் செய்தது. ஒவ்வொரு போனுக்கும் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாமல் வந்த போன்களுக்கு 2009 நவம்பர் முடிவோடு சிக்னலை நிறுத்தினார்கள். அந்த வாரம் என் கடையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தபோதுதான், கேலி பேசியவர்கள் எத்தனை பேர் அதையே பையில் வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது.

2020 ஜூனில் நிலைமை வேறு. லடாக் எல்லையில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் உட்பட நம் வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். மாதக் கடைசியில் 59 சீனச் செயலிகளை அரசு தடை செய்தது. பொதுமுடக்கம் தளர்ந்து கடையைத் திறந்தால், வருகிற ஒவ்வொருவரும் "சைனா இல்லாத போன் காட்டுங்க" என்றார்கள். அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் கேட்டதைக் காட்டவும் என்னால் முடியவில்லை. எந்தப் போனைப் பிரித்தாலும் திரையோ பேட்டரியோ சார்ஜிங் போர்டோ அங்கிருந்துதான் வந்திருக்கும். ஒருவர் பிடிவாதமாக நின்றார். இரண்டு போன்களை அவர் முன்னாலேயே பிரித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, மூடுங்க" என்றார். அப்புறம் பழைய போனுக்கே பேட்டரி மாற்றிக்கொண்டு போனார். அந்த நிலைமையில் அதைவிட நல்ல யோசனை எனக்கும் தோன்றவில்லை. உழைக்கிற பொருளை ரிப்பேர் பார்த்து வைத்துக்கொள்வதற்கு எந்த நாட்டோடும் பகையும் வேண்டாம், உறவும் வேண்டாம். (ரிப்பேர்க்காரன் இதைச் சொன்னால் சந்தேகப்படத்தான் வேண்டும்.)

இப்போது காற்று நம் பக்கம் அடிக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் செய்கிறார்கள். என் அக்கா மகளுக்கு அந்த வட்டாரத்தில் ஒரு போன் ஆலையில்தான் வேலை. நானும் ஒருமுறை பெருமையாக, "நம்ம ஊர்ல செஞ்சது சார்" என்று ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "இந்தியா பீஸா? துபாய்லேர்ந்து வர்றது இல்லையா?" என்றார். இந்தியாவில் செய்தது வேறு தரம், வெளியே விற்பது வேறு தரம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஷென்சென் பெண் தட்டை மாற்றியது நினைவுக்கு வந்ததால் அவரைக் கண்டிக்க வாய் வரவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது சரியில்லை. நம் ஆலைகளில் செய்யும் ஐபோன்களில் பெரும்பங்கு கப்பலிலும் விமானத்திலும் வெளியேதான் போகிறது.

போன மாதம் ஒருவர் வந்தார். நியூஜெர்சியில் இருக்கும் மகன் அனுப்பிய புதுப் போன். "அமெரிக்கா போன் சார், இங்க கிடைக்கிறது மாதிரி இல்ல" என்று பெட்டியோடு கொடுத்தார். பழக்க தோஷம், பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் 'அசெம்பிள்டு இன் இந்தியா'. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"அங்கயும் ஏமாத்துறானுங்களா?" என்றார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு போனைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். "சரி, மேல ஒரு கண்ணாடி ஒட்டிக் குடுங்க. காசு போனாப் போவுது, நல்ல ஜப்பான் கண்ணாடியாப் பாத்து ஒட்டுங்க."